கோடு விழாமலிருக்க ஒரு புள்ளி

கிளி, இலை, கிளி, இலை. டாக்டரம்மாவின் அறை வாசலில் தொங்கிய திரைச்சீலையில் நான்காவது கிளி முடிந்த இடத்தில் கோடு விழுந்திருந்தது. எவனோ அவசரக்குடுக்கை போட்ட டிசைன். ஒரு கட்டம் முடிந்து அதே கட்டம் மறுபடி தொடங்குகிற இடத்தில் இலைகள் சரியாக வந்து சேரவில்லை, மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஒரு சந்து ஓடியது. அங்கே ஒரே ஓர் இலை வைத்திருந்தால் மறைந்திருக்கும் என்று கோகிலவாணி நினைத்தாள், நினைத்ததுமே சட்டென்று நிறுத்தினாள், ஏனென்றால் இன்று காலையிலிருந்து எதை நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அது இதுதான். கண்ணைத் திருப்பினாள். எதிரே உட்கார்ந்திருந்தவளின் சேலையில் மாங்காய், அவள் தோளில் தூங்கிய கைக்குழந்தையின் சட்டையில் நங்கூரம், தரையில் மொசைக்கின் கறுப்பு வெள்ளைப் பொடி, இரும்பு நாற்காலிகளின் முதுகில் வரிசை வரிசையாக ஓட்டை. எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் பனியன் கம்பெனியில் பிரிண்ட் டிசைன் போட்டவளுக்குக் கண் இப்படித்தான் கெட்டுப்போகும். மற்றவர்கள் கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்ப்பார்கள், இவள் பெண்ணின் முந்தானையைப் பார்ப்பாள். அவள் மடியில் சாய்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள் மகள் சஷ்டிகா. இரண்டாம் வகுப்பு. அவள் கால்களைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள் வாணி. எதுக்கு என்று கணவன் கேட்டதற்குக் குளிருமே என்றாள். சித்திரை மாதத்துத் திருப்பூரில் குளிர்! மோகனசுந்தரம் அதற்கு மேல் கேட்கவில்லை. பாவம், அவர் கவலை அவருக்கு. ரத்தம் எடுத்த கீழ்மாடி லேபுக்கும் மேலுக்குமாக நடந்துகொண்டிருந்தார், நடந்தால் ரிசல்ட் சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல.

முதல் தடவை உள்ளே போனபோது டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. சஷ்டிகாவைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார், மறுபடி அழுத்தி எடுத்தார். "அமுக்குனா மறையல, பாருங்க. தோலுக்கு அடியில ரத்தம் கசியுது" என்றார். தோலுக்கு அடியில். ரத்தம். அந்த வார்த்தைகள் அந்த அறையின் தண்ணீர் பாட்டில், எடை மெஷின், பொம்மைக் கரடி எல்லாவற்றின் மீதும் போய் உட்கார்ந்துகொண்டன. "எப்ப இருந்து இருக்குது?" மோகனசுந்தரம்தான் முந்திக்கொண்டு சொன்னார், "இன்னைக்குக் காலையில குளிக்க வெக்கறப்பத்தானுங்க பாத்தோம். போன மாசம் காய்ச்சல் வந்துச்சுங்க, அப்பறம் நல்லாத்தானுங்க இருந்தா." டாக்டரம்மா வாணியைப் பார்த்தார். அம்மாக்காரியைத்தானே பார்ப்பார்கள். வாணி தலையாட்டினாள். ஆமாம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினாள், அதுவும் ஒரு பொய்தானா, தலைக்கும் வாய்க்கும் கணக்கு வேறா என்று அப்போதிலிருந்து மனசு நச்சரித்துக்கொண்டிருந்தது. "ரிப்போர்ட் வரட்டும். அதுக்குள்ள நல்லா யோசிச்சு வைங்க. கூடிக்கிட்டே போகுதா, வந்தபடியே நிக்குதா, அது எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று சொல்லி அனுப்பினார். யோசிக்க என்ன இருக்கிறது. இன்று சனிக்கிழமை, இவள் புதன்கிழமையே பார்த்தாயிற்று. பார்த்தது மட்டுமா?

பார்த்ததற்கு முன்னால் தேடியது இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பித்தால் கொஞ்சம் நியாயம் தன் பக்கம் வரும்போல் இருந்தது அவளுக்கு. அடுத்த கோடைக்குக் குழந்தைகளின் ராத்திரி உடுப்பு, அதற்கு ஒரு தீம் வேண்டும். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு டைனோசர் அனுப்பினாள், பார்த்தாயிற்று என்றான். மேகம், பார்த்தாயிற்று. அன்னாசி, நட்சத்திரமீன், தூங்கும் நரி, எல்லாம் பார்த்தாயிற்று. முதலாளி அவர் பங்குக்கு, "எங்கியாச்சும் போயிப் பாத்துட்டு வாங்கம்மா, ரூமுக்குள்ளயே உக்காந்தா என்னத்த தோணும்" என்றார். போனாள். பூ மார்க்கெட்டில் ஈரச் சாக்கின்மேல் அரளி கொட்டிக் கிடந்ததைப் பார்த்தாள், அது பூவாகவே இருந்தது. நொய்யல் ஆற்றுப் பாலத்தில் நின்று சாய நுரையைப் பார்த்தாள். மூடிய கடைகளின் ஷட்டரில் துரு, சுவரில் கிழித்த போஸ்டரின் மிச்சம், டயர் தடம், தோசைக்கல்லில் மாவு பொரிந்த ஓட்டைகள், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள். படங்கள் சேர்ந்தன, தீம் வரவில்லை. பஸ்ஸில் முன்சீட்டு ஆளின் கழுத்துச் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டாள். தேடுகிறவளுக்கு ஒரு வெறி பிடித்துவிடும், அது வேலைதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள், சோறு போடுகிற வெறி. ஆனால் உள்ளுக்குள்ளே பயம்தான். வற்றிப்போய்விட்டதோ, இனிமேல் எதைப் பார்த்தாலும் அது அதுவாகவே இருந்துவிடுமோ என்கிற பயம். அந்தப் பயத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வந்தது. அதையெல்லாம் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, வெங்காயம் நறுக்கினதற்கு அழுததை அழுகை என்று நினைத்த மாதிரி.

புதன்கிழமை சாயங்காலம் சஷ்டிகா தரையில் குப்புறப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக் கவுன் மேலே ஏறியிருந்தது. ஜன்னல் வெயில் சாய்வாக வந்து வலது கெண்டைக்காலில் விழுந்தது. அங்கே இருந்தன. சின்னச் சின்னச் சிவப்பு, ஊசிமுனை அளவில் சில, கடுகளவில் சில, ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகி, யாரும் வைக்காமல் தானாக அமைந்த அந்த அழகு, எவ்வளவு முயன்றாலும் மனிதக் கைக்கு வராத அந்த ஒழுங்கின்மை. வேர்க்குருவோ என்று முதலில் தோன்றியது. நிச்சயமாகத் தோன்றியது, அதை யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், அவள் சத்தியம் செய்வாள். வேர்க்குருவோ, மண்ணில் உட்கார்ந்து விளையாடிய சரளைத் தடமோ. ஆனால் அந்த எண்ணம் வந்த வேகத்தில் இன்னொன்று அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. இதுதான்! வாரக்கணக்கில் ஊரெல்லாம் அலைந்தது வீட்டுத் தரையில் படுத்திருக்கிறது! அடியில் இருப்பது தெரிகிற பட்டர் பேப்பரை எடுத்துவந்து காலின்மேல் வைத்து, பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக மேலே தொட்டுத் தொட்டு எடுத்தாள். "கூசுதும்மா." "அசையாதடா கண்ணு, அசைஞ்சா புள்ளி தள்ளிப் போயிரும்." "என்னம்மா பண்ற?" "உன் கால்ல இருக்கறது அழகா இருக்குது, டிரஸ்ல போடப் போறேன்." குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. என் காலா, டிரஸ்ஸிலயா, எல்லாரும் போட்டுக்குவாங்களா? மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காலை நீட்டி வைத்திருந்தாள். இடது காலை வாணி பார்க்கவே இல்லை. பேப்பருக்கு ஒரு கால் போதுமாக இருந்தது. அந்தக் காலில் அன்று என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. தீமுக்கு ஒரு கதையும் எழுத வேண்டும், அது வழக்கம். 'முதல் தூறல்' என்று பெயர் வைத்தாள். காய்ந்த செம்மண்ணில் கோடைமழையின் முதல் துளிகள் விழுகின்றன என்று எழுதினாள். எழுதியபோது மண்வாசனைகூட வந்தது. மறுநாளே பதில் வந்துவிட்டது, இதுதான், இதைத்தான் கேட்டோம் என்று. முதலாளி கேபினுக்கே டீ கொடுத்தனுப்பினார்.

கைப்பைக்குள் போன் உறுமியது. பிரிண்டிங் மாஸ்டர் காளியப்பன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்து விழுந்தது. 'மேடம் சாம்பிள் நல்லா வந்திருக்குங்க. எங்கயும் கோடு விழுகல. ஓகே சொன்னா மெஷின்ல ஏத்திரலாமுங்க.' எங்கேயும் கோடு விழவில்லை. விழாது. விழாமல் இருக்கத்தான் அவள் மெனக்கெட்டாள். காலில் இருந்தபடியே கட்டம் போட்டு அடுக்கினால் விடுபட்ட இடங்கள் ஒன்றுக்கு நேரே ஒன்று வந்து, விரித்த துணியில் பாதைபோலத் தெரியும். அதனால் நாலைந்து இடத்தில் அவளாகப் புள்ளி வைத்தாள். எல்லாரும் செய்வதுதான், அந்தத் தொழிலில் பாதி வேலையே அதுதான். ஓரங்களில் வைத்தவை நினைவிருக்கின்றன, மேலே இரண்டு, இடப்பக்க விளிம்பில் ஒன்றோ இரண்டோ. ஆனால் அந்த ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் கெண்டைக்கால் தொடங்குகிற பள்ளத்தில், கடுகைவிடச் சற்றே பெரிதாக, தனியாக. அதை வைத்தது யார்? இன்று காலை குளிக்க வைக்கும்போது அதே இடத்தில் அது இருந்தது. மற்றவை எல்லாம் அன்று பார்த்தவைதான், ராத்திரி முழுக்க அவற்றோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா. அந்த ஒன்றுதான். அது அன்றே காலில் இருந்தது என்றால் கூடவில்லை, வந்தபடியே நிற்கிறது, மிரட்டிவிட்டுப் போய்விடும். அவள் வைத்தது என்றால்? என்றால் பேப்பரில் மட்டும் இருந்தது இப்போது காலுக்கு வந்திருக்கிறது. கூடுகிறது. பேப்பர் பைக்குள்தான் இருந்தது. கழிவறைக்குப் போய் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டாள். ஒரே பேனா, ஒரே மை, ஒரே அழுத்தம். எது குழந்தையுடையது, எது தன்னுடையது என்று ஒருவரும் கண்டுபிடிக்க முடியாதபடி வைப்பதுதானே கெட்டிக்காரத்தனம், அப்படியே வைத்திருந்தாள்.

நினைவுபடுத்திப் பார்த்தாள். மேஜை விளக்கு, பேப்பர், பள்ளத்தில் ஒரு வெறுமை, அது கண்ணை உறுத்துகிறது, பேனா இறங்குகிறது, "இப்பச் சரி" என்று வாய்விட்டுச் சொல்கிறாள். தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த "இப்பச் சரி" இந்தப் புள்ளிக்குச் சொன்னதா, ஆயிரம் டிசைனில் ஆயிரம் புள்ளிக்குச் சொன்னதில் ஒன்றா? இன்னொரு விதமாகவும் நினைக்க முடிந்தது. தரை, வெயில், டிவி சத்தம், பள்ளத்தில் பேனா பட்டதும் குழந்தை நெளிகிறாள், கூசுதும்மா. அங்கேதான் கூசும், முழங்காலுக்குப் பின்னால். அப்படியானால் அங்கே புள்ளி இருந்தது. அப்படியானால் கூடவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள், கூசுது என்று சொன்னது முதல் புள்ளிக்கே அல்லவா, அது கணுக்காலுக்குப் பக்கத்தில் அல்லவா என்று தோன்ற, மறுபடி முதலிலிருந்து. மேஜை விளக்கு, பள்ளம், வெறுமை. அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது, படித்தவள் வெளியில் சொல்ல வெட்கப்படுகிற பயம். நான் வைத்ததனால்தான் வந்ததோ? இங்கே ஒன்று குறைகிறது என்று குழந்தை உடம்பைப் பார்த்து நினைத்தேனே, சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட்டாற்போல அது வந்து உட்கார்ந்துவிட்டதோ? சீ, என்ன பைத்தியக்காரத்தனம். டாக்டரம்மா வாயால் சொல்லாத அந்த நோயின் பெயரைக் காலையில் போனில் அடித்துப் பார்த்து, முதல் வரியிலேயே மூடிவிட்டாள். பெயரை நினைக்காமலிருக்கப் பார்த்தாள். கிளி, இலை, கிளி, இலை, சந்து.

சொல்லிவிட்டால் என்ன? புதன்கிழமையே பார்த்தேன் என்று சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அதோடு நிற்காதே. பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். படம் வரைந்தேன். மோகனசுந்தரம் அந்த நேரம் எப்படி நிற்பார் என்று அவளுக்குத் தெரியும், கத்தமாட்டார், கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பார், அவருடைய அந்த மௌனத்தில் வருஷக்கணக்கில் குடியிருக்க வேண்டும். மாமியாருக்குப் போகும், நாத்தனாருக்குப் போகும், அம்மாவாம், புள்ளைக்கு ரத்தம் கசியுதாம், உக்காந்து கோலம் போட்டாளாம். போகட்டும். அதுகூடப் பெரிதில்லை. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும், அதுதான். சொல்லாதவரைக்கும் அந்தப் புள்ளி அன்றே இருந்ததாகவும் இருக்கலாம். சஷ்டிகா நிமிர்ந்து, "பசிக்குதும்மா, ஊசி போட்டா ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு அப்பா சொல்லுச்சு" என்றாள். "வாங்கலாம் தங்கம்." குழந்தையின் முன்கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சு இன்னும் நனைந்தே இருந்தது. ஏன் இன்னும் நிற்கவில்லை? வாணி அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள், ரத்தம் நிற்கட்டும் என்று அழுத்தினாள், அழுத்தினால் அங்கே புதிதாக ஒன்று வந்துவிடுமோ என்று சட்டென்று கையை எடுத்தாள். இனிமேல் இவளை எப்படித் தொடுவது? மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மோகனசுந்தரம் கையில் உறையோடு வந்தார். பிரித்திருக்கவில்லை. "நீ வா வாணி, அவங்களே பாக்கட்டும்" என்றார், அவர் குரல் வேறு யாருடைய குரல்போலவோ இருந்தது.

டாக்டரம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தம் உறையறதுக்கு உண்டான பிளேட்லெட் ரொம்பக் கம்மியா இருக்குது. மத்த அணுவெல்லாம் இப்போதைக்குச் சரியா இருக்குது, அது நல்லதுதான். காய்ச்சலுக்கு அப்பறம் சில குழந்தைங்களுக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானாச் சரியாயிரும். ஆனா தோல்ல புதுசு புதுசா வந்துட்டிருந்தா இங்க வெச்சுக்க எனக்குத் தைரியம் கெடையாது, இப்பவே கோயமுத்தூர் அனுப்பிருவேன். அப்படியே நிக்குதுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, திங்கக்கிழமை மறுபடி பாக்கலாம். யோசிச்சீங்களா?" மோகனசுந்தரம் சொன்னார், "காலையிலதானுங்க பாத்தோம். அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதானுங்க இருக்குது. ஏம்மா வாணி?" வீடு. ஐஸ்கிரீம். திங்கட்கிழமை. ஒரு தலையாட்டல் போதும், ஏற்கனவே ஒருமுறை ஆட்டிய தலைதான். வாணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "என்ன வாணி?" என்றார் மோகனசுந்தரம். அவள் ஜன்னலுக்குப் போய்த் திரையை ஒதுக்கினாள். ட்யூப் லைட்டில் சிவப்பு பொய் சொல்லும், சாயப்பட்டறைக்காரனுக்கெல்லாம் தெரியும், சந்தேகம் வந்தால் துணியை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில்தான் பார்ப்பான். இருபது சிவப்பைக் கலந்து வைத்தாலும் பிரித்துச் சொல்கிறவள் காலையிலிருந்து இந்த ஒரு சிவப்பை வெளிச்சத்தில் பார்க்காமல் துப்பட்டா போட்டு மூடி வைத்திருந்தாள். குழந்தையை ஜன்னல் திண்டில் திரும்பி நிற்கவைத்து, மண்டியிட்டாள். மதிய வெயில் கெண்டைக்காலில் விழுந்தது. புதன்கிழமைப் புள்ளிகள் ஓரம் மங்கிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தன. பள்ளத்தில் இருந்தது மங்கவில்லை. இப்போதுதான் வைத்ததுபோல் ஈரச் சிவப்பாக இருந்தது.

அப்போதும் மனசு விடவில்லை. நிழல் விழுகிறதோ, பள்ளம் அல்லவா, பள்ளத்தில் நிறம் கூடத்தானே தெரியும் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தது. சஷ்டிகா கழுத்தைத் திருப்பி அம்மா எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அதாம்மா? அது அன்னைக்கு இல்லம்மா. நேத்து ஸ்கூல்லதான் வந்துச்சு, நான் பாத்தேன்" என்றாள். "இதையும் வரைஞ்சுக்கறயா?" வாணிக்கு அழுகை வரவில்லை. மண்டியிட்டபடியே திரும்பி, "மேடம், இது புதுசுங்க" என்றாள். "நான் புதன்கிழமையே பாத்துட்டேனுங்க. அன்னைக்கு இது இல்லைங்க." பைக்குள்ளிருந்து பட்டர் பேப்பரை எடுத்து நீட்டினாள். அதை வாங்கியது மோகனசுந்தரம். விரித்துப் பார்த்தார், முதலில் அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது. டாக்டரம்மா போனை எடுத்துக் கோயமுத்தூருக்குப் பேசத் தொடங்கிவிட்டார். ஜன்னல் திண்டில் சஷ்டிகா மூச்சை அடக்கிக்கொண்டு காலைப் பின்னால் நீட்டியபடி, புள்ளி தள்ளிப் போய்விடாமல், அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.